லோகேஷ் கை ஓங்கவே இல்லை

சிவநேசன் யாருக்கும் பயப்படமாட்டான் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே சிவநேசன்தான். அதாவது, நான்தான்.

கல்யாண அட்டை அச்சடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வீடு கிள்ளானில். வீட்டில் வீரம்மா. மாமனார் யோசித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்.

பாம்பு, பல் டாக்டர், லோரி பறக்கிற ஃபெடரல் நெடுஞ்சாலை, எதற்கும் நான் அஞ்சியதில்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயம். நான் காதல் நாவல் படிக்கிறேன் என்பது வீரம்மாவுக்குத் தெரிந்துவிட்டால்?

சிரிக்காதீர்கள். என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஹாலில் ஒரு முழு அலமாரி நிறைய வீரம்மாவின் காதல் நாவல்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த அலமாரியைக் கிண்டல் பண்ணித்தான் நான் என் ஆண்மையைக் காப்பாற்றி வந்தேன்.

"என்ன வீரம்மா, இன்னைக்கு எத்தனாவது பக்கத்துல மழை?"

"நாப்பது."

"மோதிக்கிட்டாங்களா?"

"லிஃப்ட்ல."

"ஃபைல் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. போய்க் குளிங்க."

இப்படியே காலம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது யூசுப்பின் மனைவி ஃபர்ஹானா. முகமது யூசுப் என் கடைக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். ஃபர்ஹானாவும் வீரம்மாவும் புத்தகம் மாற்றிப் படிக்கிற சிநேகிதிகள். இந்தம்மா கிள்ளானில், அந்தம்மா பிரிக்பீல்ட்ஸில். நடுவில் தினமும் கோமுட்டர் ரயிலில் போய்வருகிற கழுதை நான். புத்தகங்களைச் சுமந்தேன். ஒருநாள் கைப்பேசியில் சார்ஜ் போய்விட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் பையிலிருந்த புத்தகத்தைத் திறந்தேன். ஷா ஆலமில் திறந்தது. நிமிர்ந்து பார்த்தால் கெப்போங். நான் இறங்கவேண்டிய கே.எல். சென்ட்ரல் எப்போது வந்தது, எப்போது போனது, சத்தியமாகத் தெரியாது.

அதிலிருந்து தொற்றிக்கொண்டது. மற்றவர்கள் பார்க்கக்கூடாதே என்று கடையின் மாதிரி அட்டை ஆல்பத்துக்குள் நாவலை வைத்துப் படிப்பேன். பார்ப்பவர்கள் தொழில் பக்தி என்று நினைப்பார்கள். ஒருநாள் ஒரு கட்டத்தில் அடக்கமுடியாமல் கண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த பெண், "பொண்ணுக்குக் கல்யாணமா அங்கிள்? அழாதீங்க லா. சிங்கப்பூருக்கே கட்டிக் குடுத்தாலும் பக்கம்தானே," என்று டிஷ்யூ கொடுத்தாள்.

எனக்கு என்று சில கருத்துகளும் வளர்ந்துவிட்டன. யாரிடமும் சொல்லமுடியாமல் நெஞ்சிலேயே புளித்துக்கொண்டிருந்த கருத்துகள். கதாநாயகனுக்குத் தொப்பை இருந்தால் குடி முழுகிவிடாது. பணக்காரனாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை, லோரி ஓட்டினாலும் காதல் வரும். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சண்டையை இருநூறு பக்கம் இழுக்கிற கதையை நான் மன்னிக்கமாட்டேன். கதாநாயகியை அறைகிறவனைக் கதாநாயகன் என்று எழுதுகிற கதையைத் தொடவே மாட்டேன். அவசரப்படாமல், சொல்லாமல், காத்திருக்கிறான் பாருங்கள், அவன்தான் ஆள்.

மகள் விஷ்ணுப்ரியா பினாங்குக்குப் படிக்கப் போனபோது விட்டுவிட்டுப்போன காதல் காமிக்ஸ் பெட்டியையும் நான் விடவில்லை. ஜப்பான்காரன் போட்டது. முதல் புத்தகத்தை நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் படித்தேன். கல்யாணத்தில் ஆரம்பித்து, ஊடலாகி, கடைசியில் ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லாமல் பிரிந்துபோனார்கள். என்ன துணிச்சலான கதை என்று அசந்துபோனேன். வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருந்தாலும் என் முறையில்தான் உண்மை அதிகம்.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். 'ஈப்போ ரயிலில் ஒரு குடை' என்று ஒரு நாவல் கைக்கு வந்தது. லோகேஷ் என்று ஒரு டாக்டர். நித்யா என்று ஒரு டீச்சர். லோகேஷ் மாதிரி ஒரு நல்லவனை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனை முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு லோரி அடித்துப் போட்டுவிட்டது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடுகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. முதல் பாகம் முற்றும்.

இரண்டாம் பாகம் எங்கே? தபாலில் வீட்டுக்கு வந்துவிட்டது, உறையை நானே குப்பைக்கூடையில் பார்த்தேன். புத்தகத்தைக் காணோம். அலமாரியில் இல்லை. அரிசி டின்னில் இல்லை. வாஷிங் மெஷினுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்னத்தத் தேடுறீங்க?"

"காலுறை."

"கால்லதான் இருக்கு."

அந்த நிமிஷம் என் உயிர் போய்த் திரும்பியது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத முகம். அந்த முகத்தை நான் நம்பினேன், பாருங்கள்.

மறுவாரம் வாத்தியார் அழகிரி கடைக்கு வந்தார். எங்கள் கிள்ளான் தமிழ் மன்றத்தின் தலைவர். பொங்கல் விழா என்றால் பட்டிமன்றம், பட்டிமன்றம் என்றால் நடுவர் அவர்தான்.

"சிவநேசா, இந்த வருஷத் தலைப்பு, 'காதல் நாவல்கள் குடும்பத்தை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா?' கெடுக்குதுங்கிற பக்கம் நீ பேசணும். நீ கிண்டல் பண்றது ஊருக்கே தெரியும்."

"பேசிட்டாப் போச்சு சார். எதிர்ல யாரு?"

"உன் வீட்டம்மா."

வரமாட்டேன் என்றால் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்பார்கள். உண்மையை அப்படியெல்லாம் ஊரில் பரவவிடக்கூடாது. சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தால் வீரம்மா மீன் கழுவிக்கொண்டே பந்தயம் கட்டினாள்.

"நீங்க ஜெயிச்சா அலமாரியைக் காலி பண்றேன். அத்தனை புக்கும் போயிரும். அந்த இடத்துல நீங்க ரொம்ப நாளாக் கேட்ட மசாஜ் நாற்காலியைப் போட்டுக்குங்க."

"நீ ஜெயிச்சா?"

"அடுப்படி உங்களுது."

எனக்குத் தூக்கம் போயிற்று. தோற்றால் கரண்டி. ஜெயித்தால் அலமாரி போய்விடும், லோகேஷ் பிழைத்தானா செத்தானா என்பது சாகும்வரை தெரியாது. நடுவில் ஒரு வார்த்தை தவறினால் மானமே போய்விடும். யூசுப்பிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் அளந்துகொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"இதோ பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரியே பேசு. பேரைக்கூடத் தப்பாச் சொல்லு. அவங்க என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதே. முடிஞ்சா நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சிக்க."

நல்ல யோசனை. அப்படியே செய்தேன். பொங்கல் விழா மேடையில் முதலில் நான்தான் பேசினேன். "இந்த நாவல்ல யாரோ ரமேஷாம், சுரேஷாம். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சிக்கிற அவசியமும் எனக்கில்ல. ஆனா சபையோரே, சாம்பார் தீஞ்சா அதுக்குக் காரணம் அந்த ரமேஷ்தான்!" என்றேன். மண்டபமே அதிர்ந்தது. ஆண்கள் பகுதியில் விசில். முன்வரிசையில் யூசுப் கட்டைவிரலைக் காட்டினான். பக்கத்தில் ஃபர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். என் பேச்சுக்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

வீரம்மா எழுந்தாள். கையில் கைப்பை. மைக்கைச் சரிசெய்தாள்.

"நடுவர் அவர்களே, என் வீட்டுக்காரர் இந்தக் கதைங்களைத் தொட்டதே இல்லைன்னாரு. பாவம். அதனால அவருக்காக ஒரு கதையைச் சுருக்கமாச் சொல்றேன். 'ஈப்போ ரயிலில் ஒரு குடை.'"

நான் நாற்காலியைப் பிடித்தேன்.

"லோகேஷ்னு ஒரு டாக்டர். கொஞ்சம் குடிப்பாரு."

குடிப்பானா? அவன் தேத்தாரிக் டீயிலேயே சீனி குறைவாகப் போடச் சொல்கிறவன்! நாற்காலியின் கைப்பிடி கிரீச் என்றது. யூசுப் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ரயில்ல நித்யா மறந்துட்டுப் போன குடையை அவரு தூக்கிக்கிட்டுப் போயிடுறாரு. திருப்பியே குடுக்கல."

மூன்று ஸ்டேஷன் ஓடியிருக்கிறான் அந்தக் குடையைத் திருப்பிக் கொடுக்க! முருகா, வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

"கடைசியில ஈப்போ ஸ்டேஷன்ல ரெண்டு பேருக்கும் சண்டை. கொட்டுற மழை. லோகேஷ் கையை ஓங்கி நித்யாவை விட்டாரு பாருங்க ஒரு அறை..."

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டது. மைக் என் கையில் இருந்தது.

"நடுவர் அவர்களே! லோகேஷ் கை ஓங்கவே இல்லை!"

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம்.

"அவன் ஓங்கினது குடை சார், குடை! அவ நனையக்கூடாதுன்னு அவளுக்குப் பிடிச்சிட்டு இவன் நனைஞ்சான்! ஒரு வார்த்தை கடுமையாப் பேசல! நித்யாவோட சிநேகிதி ஒருத்தி இருக்காளே, அவ சொன்ன பொய்யை நம்பித்தான் நித்யா ரயில் ஏறிட்டா. ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும் சார்! அவன் அந்தக் குடையை மடக்கக்கூட மனசு வராம ரோட்டைத் தாண்டுறான், லோரி வந்து அடிக்குது. அந்தப் பிள்ளை ஆபரேஷன் தியேட்டர்ல கிடக்குறான். ரெண்டாம் பாகம் கிடைக்காம வீட்ல நான் படுற பாடு, அரிசி டின்னுல எல்லாம் தேடி..."

அப்போதுதான் என் குரல் தழுதழுப்பது எனக்கே கேட்டது. யூசுப் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான்.

நடுவர் அழகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிவநேசா, நீ இப்ப எந்தப் பக்கம்?"

தீர்ப்பைத் தனியாகச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெண்கள் பகுதியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பாட்டியம்மா மேடைக்கு வந்து, "அழாதேய்யா, பிழைச்சுக்குவான்," என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

காரில் திரும்பும்போது ஷா ஆலம் பக்கம் நல்ல மழை. அவமானத்தில் காது சுட்டது. வீரம்மா இனி என்னை எப்படிப் பார்ப்பாளோ என்கிற பயம் ஒரு பக்கம். கடைசியில் நானே கேட்டேன்.

"எப்படித் தெரியும்?"

"ஜிகினா."

"என்ன ஜிகினா?"

"கல்யாண அட்டையிலேர்ந்து கொட்டுதுல, அதுதான். ஃபர்ஹானா வீட்டுலேர்ந்து வர்ற புக்குல எல்லாம் ஜிகினா. நான் குடுத்தனுப்புறதும் அங்க ஜிகினாவோடதான் போய்ச் சேருது. சும்மா பக்கத்துல இல்ல. அழுவுற பக்கத்துல மட்டும் கட்டியா ஒட்டியிருக்கும். ஈரம் பட்டிருக்கும்போல."

"ரெண்டு பேருக்குமே தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ரொம்ப நாளா. நாங்க அதைப் பார்த்துத்தான் புக்கு எடுக்கிறதே. ஜிகினா நிறைய இருந்தா நல்ல புக்கு. இல்லைன்னா படிக்கமாட்டோம். இதுவரைக்கும் நீங்க தப்பாச் சொன்னதில்ல."

பல வருஷமாக என் கண்ணீரை வைத்து இரண்டு பெண்கள் மார்க்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அழுதால் அதிலும் ஜிகினா ஒட்டும்.

"அந்தத் தலைப்பு? அழகிரி சாருக்கு யாரு..."

"பாவம், தலைப்பு கிடைக்காமத் திண்டாடினாரு. சொன்னேன். எதிர்ல பேச நல்ல ஆளாவும் ஒருத்தரைச் சொன்னேன்."

"இதுக்கு நேரடியா என்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா காலுறைம்பீங்க."

வைப்பர் இரண்டு தரம் போய்வந்தது. அவள் கைப்பையைத் திறந்து ஒரு புத்தகத்தை மடியில் வைத்தாள். அதன் அட்டையில் மடக்காத ஒரு குடை. இரண்டாம் பாகம். மேடையிலும் அவள் கையில்தான் இருந்திருக்கிறது. நான் பிரேக்கில் காலை வைத்துவிட்டேன். பின்னால் ஹாரன் கத்தியது.

"ரோட்டைப் பாருங்க. ஏற்கெனவே ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்காரு."

"பிழைச்சிட்டானா? அதை மட்டும் சொல்லு வீரம்மா. ஒரே ஒரு வார்த்தை."

"நானே வாசிச்சுக் காட்டுறேன். நாளைக்கு ஒரு அத்தியாயம். சாப்பாடு சரியா இருந்தா."

இதெல்லாம் நடந்து இரண்டு வாரம் ஆகிறது. அடுப்படி இப்போது என்னுடையது. வெங்காயம் உரித்துக்கொண்டே கடைக்குப் போன் பேசுகிறேன். சமையல் சரியாக அமைந்த நாளில், சாப்பிட்டு முடித்ததும் வீரம்மா ஹாலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பாள். நான் தரையில் உட்கார்ந்து கேட்பேன். அவள் வாசிக்கிற குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதுவரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதல் கரண்டியை அவள் வாயில் வைக்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் இப்போது என் பயம்.

முந்தாநாள் ரசத்தில் புளி கூடிவிட்டது. நேற்று சாம்பாரில் உப்பு. லோகேஷ் இன்னும் ஆபரேஷன் தியேட்டரில்தான் கிடக்கிறான்.