மணலை வறுத்த டங்கண்ணே

மலேசியாவில் ஈப்போவிலிருந்து கோப்பெங் வரை டங்கண்ணேயின் ஸ்பேனரிடம் அடி வாங்காத இரும்பு ஒன்றுகூடக் கிடையாது. விளக்குக் கம்பம், பஸ் நிறுத்தக் கம்பி, போலீஸ் ஸ்டேஷன் கேட், எதையும் விட்டதில்லை. ஒரு தட்டு. 'டங்' என்று வரும். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் ஜன்னல் கம்பியைத் தட்டினார், அதனால்தான் கல்யாணம் நின்றது என்று எங்கள் புந்தோங் பகுதியில் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. ஈயச் சுரங்கத்தில் குழாய் பொருத்தியவர். சுரங்கம் மூடியதும் எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு வெல்டராக வந்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அங்கே ரோலர் கோஸ்டருக்கு பிரேக் பிடிப்பவன்.

எங்கள் முதலாளி தௌக்கே எங்கிருந்தோ பழையதாக வாங்கி வந்த வண்டி. சனங்கள் அதைப் பாம்பு ரயில் என்பார்கள். பாம்புக்குச் சத்தம் கிடையாது. இதற்கு உண்டு. உச்சியிலிருந்து இறங்கினால் தகரக் கூரைமேல் லாரி ஓட்டியது போல இருக்கும். எனக்கு ஒரு காது பாதி போனது அங்கேதான்.

பின் தெருவில் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். மனைவிக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. தூங்க முடியவில்லை. வாத்தியார் நகராட்சிக்கு எழுதினார். நகராட்சி எங்களுக்கு எழுதியது: இரண்டு வாரத்தில் சத்தத்தைக் குறை, இல்லையென்றால் வண்டியைக் கழற்று.

கழற்றினால் எட்டுப் பேருக்கு வேலை போகும். அதில் நான் ஒருவன். நான் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டை விட்டு வந்தவன். வந்த பிறகு அங்கே ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். திரும்பிப் போக எங்கள் லயத்து வீடுகூட இல்லை. வயிற்றெரிச்சலோடு வாத்தியார் வீட்டு கேட்டில் நின்று கத்தினேன். எட்டுக் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார்.

வாத்தியார் முழுவதும் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "தம்பி, கத்தி முடிஞ்சுதெண்டா போம். அவ இப்பதான் கண்ணயர்ந்தவ."

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. ஆனாலும் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வந்தேன்.

மறுநாள் டங்கண்ணே ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனார். வாசலில் உட்கார்ந்து சத்தம் கேட்கலாமா என்று அனுமதி கேட்டாராம். சத்தம் கேட்க அனுமதி கேட்ட முதல் ஆளை வாத்தியார் விரட்டவில்லை, தேநீர் கொடுத்தார். வேலை முடிந்து தேடிப் போனேன். சுண்ணாம்பு மலைகளின்மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. டங்கண்ணே கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, மூன்று மணி நேரமாக அப்படியே இருக்கிறார் என்றார் வாத்தியார். என்னுடைய வேலை போகப்போகிறது, இந்த ஆள் தூங்குகிறார் என்று நாற்காலியை உதைத்தேன்.

"தூங்கலடா. சக்கரம் வெறும் குச்சி. மேளம் அடியில இருக்கு" என்றார்.

தண்டவாளத்துக்கு அடியில் நீளமாக ஒரு இரும்புப் பெட்டிக் குழாய் ஓடும். உள்ளே வெறும் காற்று. சக்கரத்தின் அதிர்வு அதற்குள் இறங்கி, அந்தக் குழாய் முழுவதும் சேர்ந்து அலறுகிறது. தௌக்கே மெத்தென்ற சக்கரம் வாங்கலாம் என்றிருந்தார். அது கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். டங்கண்ணே கேட்டது அந்தக் குழாய்க்குள் நிரப்ப மணல்.

மணலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? சுரங்கம் தோண்டிக் கழித்த வெள்ளை மணல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. எஞ்சினியர் வந்து எடையைக் கணக்குப் போட்டு, நாலு இடத்தில் கூடுதல் முட்டுக் கொடுத்தால் தாங்கும் என்றார். எல்லாம் சரி. ஆனால் அந்த வாரம் முழுக்க மழை. ஈர மணலைக் கொட்டினால் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும் என்று டங்கண்ணே ஒற்றைக் காலில் நின்றார்.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுப்பவர்கள் கடலையைச் சுடுமணலில் போட்டுத்தான் வறுப்பார்கள். டங்கண்ணே ஒரு அக்காவின் கொட்டகைக்குப் போய் நாலு பெரிய சட்டிகளைக் கேட்டார்.

"எத்தன கிலோ கடல அண்ணே?"

"கடல இல்லலா. மணல் மட்டும்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சட்டியைக் கொடுத்து, டாக்டரையும் பார்க்கச் சொன்னார். ஒரு வாரம் எட்டுப் பேரும் மணல் வறுத்தோம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் வந்து நூறு கிராம் கேட்டார். அடுப்புப் புகையில் வெள்ளை மணல் ஆவி விட்டுக்கொண்டு புரள்வதைப் பார்த்தால் தலை கிறங்கும். மேகத்தை வறுப்பது போல இருக்கும்.

குழாயின் மேல்பக்கம் ஓட்டை போட்டு, புனல் வைத்துக் கொட்டினோம். டங்கண்ணே ஏணியில் நின்று தட்டிக்கொண்டே வந்தார். 'டங்' என்றால் இன்னும் ஊற்று. 'தொப்' என்றால் போதும், ஓட்டையை மூடிப் பற்றவை.

கெடு முடியும் நாளில் நகராட்சி அதிகாரி வந்தார். பெட்டிகளில் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டினேன். சங்கிலி 'கிளிக் கிளிக்' என்று இழுத்துக்கொண்டு போய் உச்சியில் விட்டது. பிறகு ஒன்றும் இல்லை. மலைகளுக்கு முன்னால் வண்டி சரிந்து, வளைந்து, பட்டத்தின் நிழல் போல எங்களைத் தாண்டிப் போனது. காற்று மட்டும் முகத்தில் பட்டது. நான் கனவில் நிற்கிறேனோ என்று சந்தேகம். பிரேக் பிடிக்கவே மறக்கப் பார்த்தேன்.

அப்போது வாத்தியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். இன்னும் என்ன குறை என்று நான் கையை மடக்கிக்கொண்டு போனேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, ஏறின சத்தம் கேட்டுது. இறங்கினதைக் காணேல்லை. பெட்டி மேலேயே நிண்டிட்டுதோ? ஆக்கள் இருக்கினமோ?"

அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். எட்டுப் பேருக்கும் வேலை தங்கியது. வாத்தியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கத்தாமல் கேட்டேன்.

அன்று மாலைதான் தெரிந்தது, டங்கண்ணே அந்த வண்டியில் ஒருமுறைகூட ஏறியதில்லை என்று. உயரம் என்றால் பயமாம். ஏணியில் தட்டியபோதெல்லாம் கீழே பார்க்கவே இல்லையாம். விடுவேனா? இழுத்து முன்பெட்டியில் உட்காரவைத்து, பிரேக்கை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நானும் ஏறினேன்; பின்பெட்டிகளில் மற்றவர்கள். உச்சியில் ஒரு கணம் நின்றது. சுரங்கக் குட்டைகள் எல்லாம் செம்பாக மின்னின. இரும்பைப் பார்த்து ஒருநாளும் அஞ்சாத அந்த ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. அதனால்தான் எனக்குக் கேட்டது. பாதிக் காதுக்கும் கேட்டது.

"விட்டுடாதடா தம்பி, விட்டுடாத" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வண்டி நின்று, எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நான் விடவில்லை.