எட்டுப் பேனைகளும் ஒரு கோழிக்காலும்

கல்முனைக்குடி,
14.03.1982

அறிவுக் கடலில் குதித்து இன்னும் கரையேறாத அன்பு மருமகன் டாக்டர் ஜெமீலுக்கு, உன் உம்மாவின் ஒரே தம்பியும், முப்பது வருடமாய் ஊர் மெச்ச வாழ்ந்து மூன்றே நிமிடத்தில் மானம் போனவனுமாகிய மாமா மீராசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் மாமி சுஹறாவும் சுகம். உன் மெஷினும் சுகமாய்க் கண்டி போய்ச் சேர்ந்திருக்கும். வழியில் மகா ஓயா ஆற்றில் விழுந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

நடந்ததை நீ அறிவாய். ஆனாலும் நீ எனக்கு எழுதித் தரவேண்டிய கடிதத்தில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாதென்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆசை ஒரு பக்கமும் மரியாதை மறு பக்கமும் இழுக்கும்போது மனிதனுடைய மூளை எப்படி முடிவெடுக்கிறது என்று அளக்கவென, பத்து ஆனை சுமக்கிற பாரத்தில் எட்டுப் பேனைகளால் கடதாசியில் கோடு கிறுக்குகிற ஒரு மெஷினைப் பாயில் சுற்றிக்கொண்டு வந்தாய். “இதுக்கு என்னத்துக்கு மனே ஆராய்ச்சி? ஆறு பேரை ஒரு சஹன் தட்டைச் சுத்தி இருத்தி, சோத்துக்கு நடுவுல ஒரேயொரு கோழிக்காலை வெச்சுப் பாரு. உலகத்து ஆசையும் மரியாதையும் அங்க வந்து மல்லுக்கட்டும்” என்று சொன்ன நாக்கு என்னுடையதுதான். அதை அறுக்க நல்ல கத்தி தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு பகல் நம் வீட்டில் ஆறு பேரும் கூடினோம். எல்லாரும் நமது குடியைச் சேர்ந்தவர்கள். நமது குடிக்கு அடுத்த பள்ளி மரைக்கார் யார், நானா, மச்சான் கச்சிமுகம்மதுவா என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் முடிவு சொல்லவேண்டிய வாய்களும் அங்கேதான் இருந்தன. மரைக்கார் என்றால் சும்மாவா? கந்தூரி இறைச்சியை ஊருக்கெல்லாம் ஒரே அளவில் பங்கிடுகிற கையல்லவா? அந்தக் கைக்கு ஆசை இருக்கலாமா? ‘மீராசாவா, அந்த மனிசன் தேனுக்குள்ள விழுந்தாலும் நக்காமல் எழும்பி வருவார்’ என்று பேரெடுத்தவன் நான். அந்தப் பேரை நம்பித்தான் என் தலையை நீட்டினேன். நீயும் மயிரில்லாத தலையில் வயர் நன்றாய் ஒட்டும் என்று பசையை அள்ளிப் பூசி, வேலிக்குக் கம்பி கட்டுவதுபோல் கட்டிவிட்டாய். அந்நேரம் பார்த்துக் குசினிக்குள் மாமியின் கூக்குரல். உனக்கென்று அவள் பொரித்து மூடி வைத்த கோழி ஈரலைக் காணோமாம். அகப்பைக் காம்பால் பூனைக்கு விழுந்த அடி காரைதீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

சஹன் வந்தது. நடுவில் கோழிக்கால், சோற்று மலையில் ஏறிய சுல்தானைப்போல் இருந்தது.

“நீங்க எடுங்க மச்சான்” என்றேன்.

“சே, உங்களுக்கு முன்னுக்கு நானா? நீங்க எடுங்க” என்றான் கச்சிமுகம்மது.

“எனக்கு வேணாம், பல்லு சரியில்ல” என்றார் குடிக்கு மூத்த ஆதம்பாவாக் காக்கா, காலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“இனி அஞ்சு நிமிசத்துக்கு ஒருத்தரும் கதைக்கப்படா, தொடப்படா” என்று நீ சட்டம் போட்டு மெஷினை முடுக்கினாய். நான் வாயை மூடி, கண்ணை மூடி, தியானத்திலிருக்கும் அவுலியாவைப்போல் இருக்கிறேன். உன் எட்டுப் பேனைகளோ வலையில் அகப்பட்ட இறாலாய்த் துள்ளுகின்றன! மூன்றாவது நிமிடம் நீ போட்ட சத்தம் என் காதில் இன்னும் நிற்கிறது.

“மாமா, பேனை கடதாசியை விட்டே வெளிய போகுதே! ஒண்டில் இது அடக்கேலாத ஆசை. இல்லாட்டி உங்கட தாடை ஆடுது. தாடை அசைஞ்சாலும் இப்புடித்தான் கிறுக்கும்.”

‘ஆசை’ என்றதோடு எழுந்த சிரிப்பில் உன் மிச்சப் பேச்சு என்னைத் தவிர ஒருவர் காதிலும் விழவில்லை. அந்தச் சிரிப்புக்குள் கோழிக்காலைக் கச்சிமுகம்மது எடுத்து எலும்பும் மிஞ்சாமல் முடித்துவிட்டான். அவனுடைய தலையை அளக்க ஒரு வயரும் இல்லையே!

அன்றிலிருந்து எனக்குத் தெருவில் இறங்கவே ஏலாமல் இருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் “மீராசாக் காக்கா, பேனை சுகமா?” என்கிறார்கள். சந்தையில் என்னைக் கண்டதும் மீன்காரன் கூடையைச் சாக்கால் மூடுகிறான். வெள்ளிக்கிழமை முடிவும் சொல்லவில்லை. “டாக்டர்ர கடிதம் வரட்டும், பாப்பம்” என்று ஆதம்பாவாக் காக்கா ஒரு வாரம் தவணை போட்டுவிட்டார். ஆகவே மருமகன், ‘அது ஆசையல்ல, தாடை, தாடையேதான்’ என்று இங்கிலீசில் எழுதி அனுப்பு. இங்கிலீசு வாசிக்கிறவர்கள் நமது குடியில் குறைவு. ஆகவே கடிதத்தில் குத்துகிற முத்திரை மட்டும் தேங்காய்ப் பாதியளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

என் தலை தவிர்ந்த உலகத் தலைகளெல்லாம் உன் ஆராய்ச்சிக்கு வசப்பட துஆச் செய்யும்,
மாமா மீராசா

பி.கு.: உறையை ஒட்டுமுன் மாமி வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். தாடை வந்த இடத்தில் “நிப்பாட்டுங்க” என்றாள். “கோழிக்கால்ல ஒருத்தரும் கை வெக்கல்ல. ஒருத்தரும் கதைக்கவுமில்ல. அப்ப உங்கட தாடை என்னத்தச் சப்பின?” பூனையும் வந்து அவள் பக்கத்தில் குந்தி என்னையே பார்க்கிறது. மருமகன், அவசரம்! தாடை என்ற சொல்லே உன் கடிதத்தில் வரக்கூடாது. அது ஆசைதான். கலப்படமில்லாத, அடக்கேலாத ஆசை. பெரிய எழுத்தில் எழுது. மரைக்கார் பதவி கச்சிமுகம்மதுவுக்கே போகட்டும். எனக்கு இந்த வீட்டில் சோறு வேண்டும். கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த ஈரலுக்கு உப்புக் கொஞ்சம் குறைவு. அதை மட்டும் மாமியிடம் சொல்லிவிடாதே.