ஹெல்மெஃபோர்ஸில் நீராவி நாள்

"டோர்கெல், நம்ம காபிக் கடையில ஒரு பொம்பள உட்கார்ந்திருக்கா. ரெண்டு வாஃபிள் சாப்பிட்டுட்டு, பாய்லர் சர்டிஃபிகேட் எங்கேன்னு கேக்குறா!"

மனைவி மைவோர் மாவுக் கையோடு ஓடிவந்து காதில் சொன்னபோது, டோர்கெல் அறுபது பேருக்கு முன்னால் நின்று, இப்போது தன் அருங்காட்சியகமாகிவிட்ட பழைய மர அறுவை மில்லின் நீராவி இயந்திரத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பின்னால் இரண்டு ஆள் உயரச் சக்கரம் கம்பீரமாகச் சுழன்றது. வெளியே புகைபோக்கி புகைந்தது. முன்வரிசையில் பக்கத்து ஊர் அருங்காட்சியகத் தலைவர் ஹெல்மர், ஒரு பஸ் நிறைய நீராவி ரசிகர்களோடு நின்றிருந்தார். உண்மையான நீராவி தன் ஊரில்தான் மூச்சு விடுகிறது என்று போன கோடையில் பத்திரிகையில் எழுதியவர் அவர்.

டோர்கெலுக்கு வியர்த்தது. பாய்லரில் விரிசல் விழுந்து, அது ஓடாமல் போய் ஆறு வருடம் ஆகிறது. நீராவி நாள் இல்லாவிட்டால், அசையாமல் நிற்கும் பதினோரு டிராக்டர்களைப் பார்க்க யார் வருவார்கள்? அதனால் உருளைக்கிழங்கு பிரிக்கும் மெஷினின் மோட்டார் ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் குழிக்குள் ஒளிந்து உழைத்தது. ஆவி, டோர்கெல் வீட்டு நீராவிக் குளியலறை ஹீட்டரின் உபயம். புகை, தகர வாளியில் எரியும் பிர்ச் மரப்பட்டை. இந்த ரகசியம் கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரியும்.

அதற்குள் அந்தப் பெண்ணே உள்ளே வந்துவிட்டார்.

"நான் பெர்னில்லா, பாய்லர் இன்ஸ்பெக்டர். ஆறு வருஷமா இந்த பாய்லர் எங்க லிஸ்ட்லயே இல்லையே?"

"சர்டிஃபிகேட் வீட்டுல இருக்கு."

"எடுத்துட்டு வாங்க, காத்திருக்கேன்."

"வீடு ரொம்ப தூரம்."

"எவ்வளவு தூரம்?"

ஜன்னலில் தெரிந்த தன் வீட்டைப் பார்க்காமலிருக்க டோர்கெல் பெரும்பாடு பட்டார்.

"உண்மையைச் சொன்னா, இன்னிக்கு பாய்லரைப் பத்தவைக்கவே இல்ல."

"அப்ப வெளிய தெரியுறது என்ன புகை?"

"அது... பழைய புகை."

பெர்னில்லா ஃபைலைத் திறந்தார். டோர்கெல் மனைவியின் பக்கம் சாய்ந்து, "ஓடிப் போய் ஹீட்டரை அணை" என்று முணுமுணுத்தார்.

மைவோர் ஓடினார். பின்னறையில் மோட்டாருக்கும் ஹீட்டருக்குமாக நான்கு திருகு சுவிட்சுகள் இருந்தன. யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. அவர் பிரார்த்தனையோடு ஒன்றைத் திருகினார்.

சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுழன்றது. கூட்டம் கைதட்டியது. பெர்னில்லாவின் முகம் வெளுத்தது.

"பிரஷர் ஏறுது! எல்லாரும் வெளிய போங்க!"

மைவோர் பயந்துபோய் அடுத்ததையும் திருகினார். ஆவி சீறிக்கொண்டு கூரை வரை எழுந்தது.

நான்கே நிமிடத்தில் தீயணைப்பு வண்டி வந்தது. வீரர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே உள்ளூர் ரசிகர்களாக, இலவங்கப்பட்டை ரொட்டியும் கையுமாக அங்கேதான் இருந்தார்கள். ஒருவர் குழாயைத் தூக்கினார்.

"தண்ணி அடிக்காதீங்க! சூடான பாய்லர் வெடிச்சிடும்!" என்று பெர்னில்லா அலறினார்.

"அப்ப சுவரை உடைச்சு ஆவியை வெளிய விட்டுடுவோம்" என்றார் தீயணைப்புத் தலைவர். கோடரி உயர்ந்தது. நூற்றிருபது வருடம் நின்ற செங்கல் சுவர்.

டோர்கெலால் அதைத் தாங்க முடியவில்லை. எல்லோரும் கத்தக் கத்த உள்ளே ஓடி, பாய்லர்மேல் கன்னத்தை வைத்து நின்றார்.

"ஜில்லுன்னு இருக்கு" என்றார். "ஆறு வருஷமா ஜில்லுன்னுதான் இருக்கு."

அடுப்புக் கதவைத் திறந்து தகர வாளியை வெளியே எடுத்து வைத்தார். குழியின் மூடியைத் தூக்கி மோட்டாரைக் காட்டினார். ஹீட்டரையும் காட்டினார். கடைசியில் மெயின் சுவிட்சை அணைத்தார். சக்கரம் முனகியபடி நின்றது.

பெர்னில்லா எல்லாவற்றையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இது பாய்லர் இல்ல, குளியலறை" என்று சொல்லி ஃபைலை மூடினார். "குளியலறை எங்க டிபார்ட்மெண்ட் இல்ல."

அபராதம் போட்டிருந்தால்கூட டோர்கெலுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் அறுபது பேரும் எட்டிப் பார்த்தார்கள். சிலர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள். மைவோர் முகத்தை ஏப்ரனில் புதைத்துக்கொண்டார்.

ஹெல்மர் மட்டும் உள்ளே வந்தார். நாளைக்கே பத்திரிகையில் வந்துவிடும் என்று டோர்கெல் தலையைக் குனிந்துகொண்டார். ஹெல்மர் அவர் தோளைப் பிடித்து ஒரு டிராக்டரின் மறைவுக்கு இழுத்துப் போனார். தன் பஸ் ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எங்க மோட்டார் பன்னெண்டு வருஷமா கீச்சு கீச்சுன்னு கத்துதுப்பா, உன்னோடது மட்டும் எப்படி இவ்வளவு அமைதியா ஓடுது?"