ஏனாத்தூர் சேஜ் செடி பாதுகாக்கப்பட்ட வரலாறு

ஏனாத்தூர் சாலையோரம் நின்ற சேஜ் செடி எந்த வெயிலுக்கும் சாகாமல் இருந்ததற்கு முழுமுதற் காரணம் இளவரசியின் சோம்பேறித்தனம்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் பெரிய மனிதர்கள் பலர் அந்தப் பெருமைக்குச் சொந்தம் கொண்டாடினார்கள்.

சேஜ் என்பது துளசிக்குத் தூரத்துச் சொந்தம். சாம்பல் பூசிய மாதிரி இலை. தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. நீலமாகப் பூக்கும். குளிர் பிரதேசத்துச் செடி. ஊட்டிக்குச் சுற்றுலா போன காலேஜ் பையன் ஒருவன் ஒரு தட்டு நாற்று வாங்கிவந்தான். "அக்கா, ரூம்ல வெயிலே வரல, ஒரு வாரம் பார்த்துக்கோங்க" என்று கலாவதியின் செடிக்கடையில் வைத்துவிட்டுப் போனான். அவன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டான். நாற்றை மட்டும் எடுக்க வரவில்லை.

கலாவதி அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைத் தன் மகள் இளவரசியிடம் கொடுத்தாள். இளவரசி பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்டால், குடும்பக் கஷ்டம் அது இது என்று கதை கட்டமாட்டாள். "போர் அடிச்சுது" என்பாள். தண்ணீர் விஷயத்திலும் அதே நேர்மை.

"ஊத்துனியாடி?"

"இல்ல."

"ஏன்?"

"மறந்துட்டேன்."

கத்திரி வெயிலில் நாற்றுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. சாகாமல் முறைத்துக்கொண்டு நின்ற சில பூத்தன, விதை விட்டன, அந்த விதை முளைத்தது. அதற்கும் இளவரசி தண்ணீர் ஊற்றவில்லை. இப்படியே சில கோடைகளில் சோப்ளாங்கிகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. தார் ரோட்டின் அனலை மோர் மாதிரி குடித்துக்கொண்டு ஒரு வரிசைப் புதர் மட்டும் நின்றது. விஞ்ஞானத்தில் இதற்குத் தேர்வு முறை என்று பெயராம். கலாவதி வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

இளவரசிக்கு அந்தச் செடிமேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. யார் தயவும் இல்லாமல் நிற்கிறதே, நம்மாலே முடியுமா என்று நினைப்பாள்.

புரட்டாசியில் செடி பூத்துத் தள்ளியது. அதே வாரம் மழைநீர் வடிகால் தோண்ட ஜேசிபி வந்தது. சுண்ணாம்புக் கோடு நேராகச் செடி வரிசையின் தலைமேல் போயிற்று. வண்டி ஓட்டுகிற தாவீதிடம் இளவரசி ஓடினாள்.

"அண்ணா, தீபாவளி வரைக்கும் உட்டுடுண்ணா. விதை முத்தணும். இப்ப எடுத்தா அத்தோட வம்சமே போயிடும்."

"பேத்து வேற எடத்துல நடுமா."

"நட்டேன். செத்துப்போச்சு. தொட்டியில வெச்சு அம்மா நல்லா தண்ணி ஊத்துனாங்க. அழுகிப்போச்சு."

"இன்னா செடிமா இது? பேத்தாலும் சாவுது, வளத்தாலும் சாவுது?"

"சும்மா உட்டா சாவாதுண்ணா."

"இந்த ஊர்ல எத சும்மா உட்டுக்கிறாங்க?" என்றான் தாவீது. "எனுக்கு ஒண்ணும் செடிமேல கோவம் இல்லமா. ஆபீசுல எழுதி வாங்கினு வா. வண்டிய ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிடறேன்."

அரிய பொருள்களைக் காக்கும் அலுவலகம் ஒன்று ஊருக்குள் இருந்தது. அதன் அலுவலர் மாணிக்கவேல் தன் பணிக்காலம் முழுவதும் பட்டுப்புடவையைச் சோதித்தே கழித்தவர். பட்டைத் தவிர வேறொரு பொருள் பாதுகாப்பு கேட்டு அவர் மேஜைக்கு வந்ததே இல்லை. இருந்தாலும் கடமையில் அவர் தவறவில்லை. இளவரசி ஒடித்துப் போயிருந்த கிளையை மேஜைமேல் விரித்துப் போட்டு, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீளம்?"

"இடுப்பு ஒசரம் சார்."

"முந்தானை?"

"சார், செடி சார்."

"செடின்னு எனக்கும் தெரியுதுமா. ஆனா முந்தானை இல்லாத பொருளுக்குப் பாதுகாப்பு குடுக்க விதியில எடம் இல்ல. நுனியில தொங்குதே, அது இன்னா?"

"பூவு."

"முந்தானை நீலம். சரி. ஜரிகை எவ்ளோ?"

"கெடையாது."

"ஜரிகையே இல்லாம காஞ்சிபுரம்னு சொல்றியா? மேல இருக்கறவங்க என்னைத்தான கேப்பாங்க?" மாணிக்கவேல் வருத்தப்பட்டார். "எரிச்சுப் பார்த்துடலாம். அசல் பட்டுன்னா முடி கருகின வாடை வரும்."

இலையைக் கிள்ளித் தீக்குச்சி வைத்தார். முடி வாடை வரவில்லை. கற்பூரமும் துளசியும் சேர்ந்த மாதிரி ஒரு புகை எழுந்து, மின்விசிறியில் கலந்து, அறை முழுக்கப் பரவியது.

"போலி" என்றார் மாணிக்கவேல், கண்ணை மூடிக்கொண்டு. "ஆனா வாசனையா இருக்குது. இன்னொரு இலை குடு."

அந்தப் புகை இருந்த அரைமணி நேரம் அந்த அலுவலகத்தில் யாரும் யாரையும் நாளைக்கு வரச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அப்படி நடந்ததே இல்லை. புகை தணிந்ததும் மாணிக்கவேல் கண்ணைத் திறந்து நிதானத்துக்கு வந்தார்.

"இந்தச் செடி எதையும் தாங்குமா?"

"தாங்கும் சார்."

"அப்ப பாதுகாப்பு எதுக்கு?"

"ஜேசிபிய தாங்காது சார்."

"அப்ப எதையும் தாங்கும்னு எப்படிச் சொன்ன? தவறான தகவல் குடுக்கக் கூடாதுமா. இதோ பாரு, அழியற நிலையில இருந்தா உடனே ஆணை போட்டுடுவேன். எவ்ளோ செடி இருக்குது?"

"ஒரு வரிசை இருக்குது."

"ஒரு வரிசையா? ஜோரா இருக்குதேமா! கொறைஞ்சதும் வா."

குறைய அதிக நாள் ஆகவில்லை. ஜேசிபி அதுவரை சாலையின் மறுமுனையில் தோண்டிக்கொண்டிருந்தது. அலுவலகப் புகையின் மகிமை சாயங்காலத்துக்குள் பெரிய காஞ்சிபுரம் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் பிடித்துக்கொண்டவர் பட்டுக்கடை வீரபாகு. கடை வாசலில் சேஜ் புகை போட்டார். புகையைச் சுவாசித்த வாடிக்கையாளர்கள் பேரம் பேசுவதை மறந்தார்கள். சாணிக்கும் பாசிக்கும் நடுவே ஒரு நிறத்தில் யாரும் சீண்டாத புடவைக் கட்டு ஒன்று அவரிடம் அடியில் கிடந்தது. அதை மேலே எடுத்து, "சேஜ் பட்டு" என்று எழுதி மாட்டினார். அதைக் கட்டாத மணமகள் மணமகளே இல்லை என்றாகிவிட்டது. கண்திருஷ்டிக்குச் சேஜ், மாமியாருக்குச் சேஜ், நீட் பரீட்சைக்குச் சேஜ். சென்னையிலிருந்து காரில் வந்தார்கள். கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கிப் பறித்தார்கள், திரும்புகிற வழியில் மறந்துபோய் மறுபடி பறித்தார்கள்.

"பறிக்காதீங்க! விதைக்கு உட்டு வெச்சிக்கிறேன்!" என்று இளவரசி தொண்டை கட்டக் கத்தினாள்.

"இயற்கைய ஆதரிக்கத்தான்மா இவ்ளோ தூரம் வந்துக்கறோம்" என்றாள் ஒரு அம்மாள், கிளையை முறித்துப் பையில் திணித்துக்கொண்டே.

அத்தனை கோடையைத் தாங்கிய வரிசை பத்து நாள் ஆதரவைத் தாங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு புதர் மிஞ்சியது. இளவரசி மூச்சிரைக்க மாணிக்கவேலிடம் ஓடினாள். அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா! மொதல்லயே இப்படிக் கொண்டுவந்திருந்தா இவ்ளோ அலைச்சல் உண்டா?"

ஆணை வந்தது. "மேற்படி செடியானது வெயில், வறட்சி, பொதுமக்கள் ஆகிய மூன்றையும் தாங்கவல்லது என்பதாலும், தாங்க முடியாத நிலையில் தற்போது உள்ளது என்பதாலும்" என்று அது தொடங்கியது. செடியைத் தொடுதல், பறித்தல், எரித்தல், நீர் ஊற்றுதல், நீர் ஊற்றாதிருத்தல் ஆகிய அனைத்தும் தடை. செடி எங்கே நின்றாலும் அதைச் சுற்றிப் பத்தடி பாதுகாக்கப்பட்ட நிலம். அதற்குள் கட்டக் கூடாது, தோண்டக் கூடாது, கடை போடக் கூடாது.

பத்தடிக்குள் இருந்த ஒரே கடை கலாவதியின் செடிக்கடை. சாமானைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போகச் சொன்னார்கள்.

"உன் செடிய காப்பாத்திட்ட" என்றாள் கலாவதி, ரோஜாத் தொட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு. "பெத்தவள எப்பமா காப்பாத்தப் போற?"

செடிக்குக் கம்பி வேலி வந்தது, பெயர்ப்பலகை வந்தது. தாவீது இந்தப் பக்கமிருந்து வேலிவரை வடிகாலைத் தோண்டினான். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கமிருந்தும் வேலிவரை தோண்டினான்.

"நடுவுலண்ணா?" என்று கேட்டாள் இளவரசி.

"நடுவுல கவர்மென்ட்டு நிக்குது."

தீபாவளி நெருங்க, விதை முத்தி உதிரத் தயாராக இருந்தது. இளவரசி கம்பிக்குள் கையை விட்டாள். பார்வையிட வந்த மாணிக்கவேல் பதறிப்போனார்.

"கைய எடுமா! ஆணையில ஒரு செடின்னு இருக்குது. நீ வெதைச்சு ரெண்டாக்கிட்டா, ஆபத்து பாதியாயிடும். ஆபத்து கொறைஞ்சா பாதுகாப்பு கேன்சல். செடி நல்லா இருக்கணும்னு உனக்கு எண்ணமே இல்லையா?"

ஐப்பசி மழை வந்தது. இரண்டு பக்க வடிகாலும் அரசு எதிர்பார்த்தபடியே சிறப்பாகச் செயல்பட்டன. ஊர்த் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து நடுவில் விட்டன. தண்ணீர் இல்லாமல் வாழக் கற்ற செடி அது. தண்ணீருக்குள் வாழ யாரும் அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நான்கு நாள் மூழ்கிக் கிடந்து, கறுத்து, சாய்ந்துவிட்டது.

"சார், செத்துப்போச்சு" என்றாள் இளவரசி.

"ஆணை உயிரோடதான இருக்குது? அழாத. அடுத்த வாரம் மேலதிகாரி வர்றாரு, அவரு எதிர்ல அழுது கிழுது வெக்காத" என்றார் மாணிக்கவேல்.

வீரபாகுவின் கடைக் கண்ணாடிக்குள், சேஜ் பட்டு கட்டிய பொம்மையின் கையில் பிளாஸ்டிக் சேஜ் ஒன்று இருந்தது. அது கம்பி வேலிக்குள் குடியேறியது. மேலதிகாரி வந்து பார்த்து அசந்துபோனார்.

"இவ்ளோ மழையில ஒரு இலை கூட வாடலையே! இதுதான்யா தாங்கற ரகம்!"

"சார், அது பிளாஸ்டிக்" என்றாள் இளவரசி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மேலதிகாரி மாணிக்கவேலைப் பார்த்தார்.

"எரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும் சார்" என்றாள் அவள் விடாமல்.

"பாதுகாக்கப்பட்ட செடிய எரிக்கறது குத்தம்மா" என்றார் மாணிக்கவேல் மென்மையாக. "அறியாப் பொண்ணு சார். படிப்பு பாதியில நின்னுடுச்சு."

வேலியோடு நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வீரபாகு நடுவில் நின்றார்.

கார்த்திகையில் தண்ணீர் வடிந்தது. ஒருநாள் காலையில் இளவரசி பல் துலக்கிக்கொண்டே ரோட்டைப் பார்த்தவள், வாயில் நுரையோடு கத்தினாள். வெள்ளத்தில் போன விதை அத்தனையும் சாலை நெடுகப் பிடித்திருந்தது. வாசற்படி ஓரம், மின்கம்பத்து அடி, சுவர் விரிசல், எங்கே பார்த்தாலும் சாம்பல் பூசிய குட்டி இலைகள்.

"பொழைச்சிடுச்சு! அம்மா, பொழைச்சிடுச்சுமா!"

அந்தச் சந்தோஷம் மத்தியானம்வரை இருந்தது. அதற்குள் யாரோ அந்தப் பத்தடி விஷயத்தை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். வாசலில் சேஜ் முளைத்தால் வாசல் போச்சு, சுவரோரம் முளைத்தால் வீடே போச்சு. ஏனாத்தூர் சாலையில் அதுவரை யாரும் கண்டிராத சுறுசுறுப்பு வந்தது. கோலம் போடும் நேரம் இல்லாவிட்டாலும் பெண்கள் வாசலில் குனிந்து, கை நிறையப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தார்கள். அந்தச் சாலையில் புது ஷோரூம் கட்டிக்கொண்டிருந்த வீரபாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே பிடுங்கினார்.

"அண்ணே, அது சேஜ்! நீங்க கும்பிட்ட செடி!" என்று இளவரசி ஓடிப்போய்த் தடுத்தாள்.

"நான் கும்புடறது வேலிக்குள்ள இருக்குதுமா" என்றார் அவர் நிமிராமல்.

அதே சாலையில் வீட்டுமனை வாங்கிப் போட்டிருந்த மாணிக்கவேல் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார். இளவரசியைப் பார்த்ததும், "களைமா, களை" என்றார். தாவீதுகூடத் தன் குடிசை ஓரத்தைக் கொத்திக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலத்துக்குள் சாலை சுத்தமாகிவிட்டது. இளவரசி வெறுங்கையோடு கடைக்கு வந்தாள். கலாவதி கடையின் மூங்கில் கால் ஓரம் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்த விதமே சரியில்லை.

"ஏந்திரிமா."

கலாவதி எழுந்தாள். சாக்கை விலக்கினாள். இரண்டு கருங்கல்லுக்கு நடுவில், நல்ல வாளிப்பாக, ஒரு சேஜ் நின்றது.

"மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்மா" என்றாள் இளவரசி.

"அதான் நானும் பார்த்துக்கினு இருக்கேன். உன் செடி, நீயே சொல்லு. அந்தப் பக்கத்துலர்ந்து இந்தப் பக்கம் தொரத்துனாங்க. இதுக்குப் பின்னாடி ஏரிதான் இருக்குது. தண்ணிமேலயா கடை போடறது?"

இளவரசி செடியைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். ரோட்டில் போன ஒரு பைக்காரன் திரும்பிப் பார்த்தான். சட்டென்று செடியை மறைத்துக்கொண்டு குந்தினாள்.

ஒரு கையால் இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கல் அசைந்தது, செடி அசையவில்லை. இளவரசியின் முகம் பெருமையில் சிவந்தது.

"சொன்னேன் இல்ல? சரியான ரகம்மா இது!" என்றாள். "அந்தக் கடப்பாறைய எடுத்துக்கினு வா."