எண்பதாம் நம்பர் வாசல்

ஒரு காட்டில் ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைக் குடிப்பதற்கு வெப்சைட்தான் இல்லை.

அதுவரைக்கும் எப்படிக் குடித்தார்கள் என்று கேட்பீர்கள். தாகம் எடுத்தது, போனார்கள், குடித்தார்கள். இப்படி ஆளாளுக்குக் கேட்பாரில்லாமல் தண்ணீர் குடிப்பது சிங்கராஜாவுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துக் காட்டில் எல்லாமே ஆன்லைனாம். உடனே ஏரியைச் சுற்றி முள்வேலி போட்டார், வேலி வாசலில் ஒரு கழுதைப்புலியைக் காவலுக்கு நிறுத்தினார், "இனிமேல் வெப்சைட்டில் டோக்கன் எடுத்தவர்களுக்குத்தான் தண்ணீர்" என்று அறிவித்தார். வெப்சைட் எங்கே என்று கேட்டதற்கு, "வரும்" என்றார். வேலியை முதலில் போட்டுவிட்டு வெப்சைட்டை அப்புறம் போடுவதுதான் ராஜாங்கம். நாம் என்ன சொல்ல முடியும்?

வேலை குணாளன் தலையில் விழுந்தது. குணாளன் ஒரு தேவாங்கு. முட்டை முட்டையாக இரண்டு கண், ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் குணம். கம்ப்யூட்டர் வேலைக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்? அவனுக்குப் பலா மரத்தில் குடித்தனம், செங்கமலம் என்று மனைவி, கைக்குழந்தைகள் இரண்டு. அதுகளுக்கும் தண்ணீர் வேண்டும். அதனால் சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டான், பாவம்.

சர்வர் என்றால் பெட்டி மாதிரி ஏதோ வந்து இறங்கும் என்று காடே வழி மேல் விழி வைத்துக் காத்திருந்தது. ஒன்றும் இறங்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு, அதைக் கூறு போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். அதில் ஒரு கூறுதான் நம் காட்டுக்கு வந்த விர்ச்சுவல் சர்வர். கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, வாடகை மட்டும் நிஜம். உள்ளே லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில், கேட்கிறவர்களுக்குப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற வெப் சர்வர் மென்பொருள் ஒன்றை இன்ஸ்டால் செய்து, டோக்கன் பக்கத்தை அதன் மேல் ஏற்றிவிட வேண்டும். ஒரு வரி அடித்து ஒரு என்டர் தட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் திறப்பு விழா இல்லாமல் நம்மவர்கள் ஒரு என்டரைத் தட்டிவிடுவார்களா? பந்தல் போட்டார்கள். சந்தனமும் குங்குமமும் வந்தன. கண்ணுக்குத் தெரியாத சர்வருக்கு எங்கே பொட்டு வைப்பது என்று தெரியாமல் குணாளன் நெற்றியிலேயே வைத்துவிட்டார்கள். சிங்கராஜா என்டர் தட்டினார். வெப் சர்வர் இறங்கியது, ஓடியது. கைதட்டல் அடங்குவதற்குள் யானையார் முன்னால் வந்து நின்றார்.

"நான் எப்ப தட்டுறது?"

"ஐயா, இன்ஸ்டால் முடிஞ்சு போச்சுங்க. இது ஒரு தடவைதான்" என்றான் குணாளன்.

யானையாரின் முகம் தொங்கிப் போனது. குத்துவிளக்கு என்றால் முதல் திரியை ஒரு பெரியவர் ஏற்றுவார், அடுத்த திரியை அடுத்த பெரியவர் ஏற்றுவார், அதுதானே முறை? விழாக் கமிட்டி குணாளனைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் காதைத் திருகியது. அவனும் என்ன செய்வான்? உலகத்தில் வெப் சர்வர் மென்பொருளுக்கா பஞ்சம்? யானையார் தட்டுவதற்கு வேறொன்றைக் கொண்டுவந்தான். அதைப் பார்த்துவிட்டுக் கரடியார் சும்மா இருப்பாரா? அவருக்கும் ஒன்று வந்தது. ஒரே சர்வரில் மூன்று வெப் சர்வர்கள். மூன்று திரி ஏற்றியாகிவிட்டது என்று எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடப் போய்விட்டார்கள்.

வம்பு அங்கேதான் முளைத்தது. சர்வரில் ஆயிரக்கணக்கில் வாசல்கள் உண்டு, வாசலுக்கு ஒரு நம்பர் உண்டு. ஆனால் நம்பர் எதுவும் சொல்லாமல் வருகிற ஜனம் மொத்தமும் எண்பதாம் நம்பர் வாசலுக்குத்தான் வரும். ஒரு வாசலில் ஒருத்தர்தான் நிற்க முடியும். முதலில் வந்த சிங்கத்தின் வெப் சர்வர் அங்கே நின்றுகொண்டது. யானையாருடையதும் கரடியாருடையதும் அதே வாசலில் நிற்கப் பார்த்து, இடமில்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டன.

"எனக்குச் சிவப்பு எழுத்தா?" என்று யானையார் மேசையைக் குத்தினார். "ராஜாவோடதை நிறுத்திட்டு என்னோடதை ஓட விடு."

குணாளன் ஓட விட்டான். அதைக் கேள்விப்பட்ட ராஜா கர்ஜித்தார். மறுபடி ராஜாவுடையதை ஓட விட்டான். கரடியார் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "நான் யாரையும் வற்புறுத்தல தம்பி. ஆனா என்னோடது ஓடுற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்" என்றார். ஒன்றை நிறுத்துவதும் இன்னொன்றைக் கிளப்புவதுமாக இருந்ததில் டோக்கன் பக்கத்தை எதன் மேல் ஏற்றுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

வேலி ஓரத்தில் மான்களும் முயல்களும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. போகிறவர் வருகிறவர் எல்லாம் யோசனை சொன்னார்கள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு" என்றது கழுதைப்புலி. எலுமிச்சம்பழம் கட்டினால் சரியாகிவிடும் என்றது ஒரு முயல். எங்கே கட்டுவது என்று அதற்கும் தெரியவில்லை. கோளாறு என்னவென்று குணாளனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டை நிறுத்தினால் ஒன்று ஓடும். யாருடைய இரண்டை? அதைச் சொல்லிவிட்டு இந்தக் காட்டில் உயிரோடு இருக்க முடியுமா?

செங்கமலம் குழந்தைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள். "ஏங்க, புள்ளைங்களுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. இன்னைக்காவது தண்ணி கிடைக்குமா, கிடைக்காதா?"

குழந்தைகளைப் பார்த்ததும் குணாளனுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றில் ஒரு யோசனையும் பிறந்தது. நேராக யானையாரிடம் போனான்.

"ஐயா, எண்பது உங்க தகுதிக்கு ரொம்பச் சின்ன நம்பருங்க. உங்களுக்கு அறுபதாயிரம் போட்டுத் தரட்டுமா?"

யானையார் காது இரண்டும் விசிறின. "ராஜாவுக்கு?"

"அவருக்கு வெறும் எண்பதுதாங்க."

யானையார் அறுபதாயிரத்துக்குக் குடிபோனார். கரடியார் ஐம்பதாயிரத்தோடு திருப்திப்பட்டார், அவர் அடக்கமானவர். சேதி ராஜாவின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

"இருக்கிறதிலேயே பெரிய நம்பர் எதுடா?" என்றார் சிங்கராஜா.

"அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து, ராஜா. அதுக்கு மேல வாசலே கிடையாது."

"அதைப் போடு."

மூன்று பேரின் வெப் சர்வர்களும் ஆளில்லாத மூன்று வாசல்களில் ஜோராக ஓடின. சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. மூன்று பேரும் தங்கள் நம்பரைத் தங்கள் வீட்டு வாசலில் எழுதி மாட்டிக்கொண்டார்கள். எண்பதாம் நம்பர் வாசல் காலியாகக் கிடந்தது. குணாளன் சத்தமில்லாமல் அங்கே ஒரு சின்ன வெப் சர்வரை உட்கார வைத்து, டோக்கன் பக்கத்தை அதன் மேல் ஏற்றினான். பக்கம் திறந்தது. டோக்கன் வந்தது. கழுதைப்புலி வேலியைத் திறந்துவிட்டது. மான்கள் குடித்தன, முயல்கள் குடித்தன, குணாளன் குழந்தைகள் குடித்துவிட்டுப் புரை ஏறி இருமின. செங்கமலம் அழுதேவிட்டாள்.

இங்கே கதையை முடித்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் மான்களுக்கு நன்றி உணர்ச்சி ஜாஸ்தி. "நம்ம குணாளனுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்காட்டி எப்படி?" என்று கிளம்பிவிட்டன. மறுபடி அதே பந்தல். ஆளுயர மாலை, பொன்னாடை, 'இணையச் செம்மல்' என்று பட்டம். இனிமேல் நாமும் அவன் இவன் என்று சொல்லக் கூடாது. பொன்னாடை போர்த்திவிட்டார்கள் அல்லவா?

மேடையில் ராஜாவுக்கும் யானையாருக்கும் நடுவில் குணாளன் அவர்கள் உட்கார்ந்திருந்தார். வரவேற்புரை சொன்ன மைனா ஒவ்வொருவரையும் நம்பரோடு அழைத்தது. அறுபத்தையாயிரத்துச் சொச்சம் என்றபோது கைதட்டல். அறுபதாயிரம், கைதட்டல். ஐம்பதாயிரம், கைதட்டல். "எண்பதாம் நம்பர் குணாளன் அவர்கள்" என்றபோதும் கைதட்டினார்கள். இன்னும் பலமாகவே தட்டினார்கள். ஆனால் யானையார் தும்பிக்கையால் வாயை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்த மாதிரி குணாளனுக்குத் தோன்றியது. முட்டைக் கண் இல்லையா, தேவையில்லாததெல்லாம் தெரியும். பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குணாளன் தம் வெப் சர்வரை எண்பதாம் நம்பர் வாசலிலிருந்து எழுப்பி, அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்துநான்குக்கு மாற்றினார். ராஜாவை விட ஒன்று குறைவு. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

டோக்கன் பக்கம் திறக்கவில்லை. வேலி ஓரத்தில் மான்கள் பழையபடி நாக்கைத் தொங்கப்போட்டன. டோக்கன் இல்லாமல் திறக்க எனக்கு உத்தரவில்லை என்றது கழுதைப்புலி. ஒரு மான் குணாளனைத் தேடி வந்து, "பக்கம் வரலீங்களே" என்றது.

"நம்பரைச் சொல்லிட்டு வரணும்" என்றார் குணாளன். "பேர் ஊர் சொல்லாம திடுதிப்புனு ஒருத்தர் வாசல்ல வந்து நிக்கிறது என்ன பழக்கம்?"

அவ்வளவு பெரிய நம்பரை எந்த மான் மனப்பாடம் பண்ணும்? செங்கமலம் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். குழந்தைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் கிடந்தன.

"ஏங்க, எண்பதுக்கே போயிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

குணாளன் குழந்தைகளைப் பார்த்தார். பொன்னாடையை இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டார்.

"இதைப் போர்த்தின பிறகு எப்படிம்மா எண்பதுல உட்கார்றது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

நீதி: யாராவது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்தால், தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்டும் காணாததுபோல் போய்விடுங்கள். பாராட்டித் தொலைத்துவிடாதீர்கள்.