ராசாங்கம் வெளிநடப்புச் செய்தார்

"சங்கிலி எப்பங்க வரும்?" என்று மனைவி சுமதி கேட்டபோது, கவுன்சிலர் ராசாங்கம் கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத் தீர்ப்பு, நாளைக்குச் சங்கிலி. அரியலூர் கோர்ட்டுக்குப் போயிட்டு வரேன், பாரு."

"வெள்ளிக்கிழமை ஏலம்னு அடகுக்கடையில நோட்டீஸ் குடுத்துட்டாங்க. எங்கப்பா போட்டதுங்க அது."

"இன்னிக்குத் திங்கள்தானே? ஜெயிச்ச கேஸுக்கு ஏன் இப்படிப் பதறுற?"

கொன்றைக்குறிச்சிப் பேரூராட்சியின் பதினைந்து கவுன்சிலர்களுக்கும் ஒரு வருடமாக மதிப்பூதியம் வரவில்லை. தொகை சின்னதுதான். ஆனால் ஓட்டு வாங்கி ஜெயித்தவனின் பணத்தை நிறுத்தி வைத்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? செயல் அலுவலர் கீதாஞ்சலியிடம் போய்க் கேட்டால், "தீர்மானத்தைப் படிங்க சார்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. மன்றத்தில் தீர்மானங்களைப் படிக்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. படித்து முடிப்பதற்குள் போண்டா ஆறிவிடும்.

எனவே ராசாங்கம் வழக்குப் போட்டார். வக்கீல் ஃபீஸுக்குப் பதினான்கு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சுமதியின் கழுத்தைப் பார்த்தார்.

போராட்டம் அவருக்குப் புதிதல்ல. தன் வார்டின் கடைசித் தெருவில் குழாய்த் தண்ணீர் நூலாக வருகிறது என்று போன வருடம் அவர் செய்த வெளிநடப்பு பேப்பரிலேயே வந்தது. பின்னால் காலிக் குடங்களோடு பெண்கள், முன்னால் மடிப்புக் கலையாத வேட்டியில் அவர். படம் வந்த சந்தோஷத்தில் ஒரு வாரம் கால் தரையில் படவில்லை. அந்தப் போராட்ட நாளிலிருந்தே நூல் தண்ணீரும் நின்றுபோயிற்று. ஆபீஸ் பழிவாங்குகிறது என்று சொல்லி, மாதம் தவறாமல் வெளிநடப்புச் செய்துவந்தார்.

பஸ் ஸ்டாப்பில் டேங்க் ஆபரேட்டர் தங்கசாமி நின்றிருந்தார். ஊருக்கே தண்ணீர் திறந்துவிடும் ஆள்.

"அண்ணே, கடைசித் தெரு விஷயமா ஒண்ணு கேக்கணும்."

"போராட்டம் தொடருது தங்கசாமி! கேஸ் முடியட்டும், பேசிக்கலாம்."

"சரிண்ணே" என்று அவர் நகர்ந்துவிட்டார்.

கோர்ட்டில் பேரூராட்சித் தரப்பு தீர்மானப் புத்தகத்தை நீட்டியது. நீதிபதி வாசித்தார்.

"'கடைசித் தெருக் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரும்வரை இந்த மன்றத்தில் ஒருவருக்கும் மதிப்பூதியம் கூடாது. முன்மொழிந்தவர், ராசாங்கம். ஏகமனதாக நிறைவேறியது.' நீங்க சொன்னதா இது?"

"ஆவேசத்துல சொன்னதுங்க ஐயா."

"நிறைவேத்தும்போது ஏன் ஆட்சேபிக்கலை?"

"அப்ப நான் வெளிநடப்பு செஞ்சிட்டேனுங்க."

பின்வரிசையில் பதினான்கு கவுன்சிலர்களும் பல்லைக் கடித்தார்கள். அன்றைய போண்டா நன்றாக இருந்தது என்பது மட்டும்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை கோர்ட் கமிஷனர் நேரில் வந்து பார்ப்பார் என்று உத்தரவானது. வக்கீல் பரணிதரன் ராசாங்கத்தின் காதில் சொன்னார்.

"தண்ணி வருதுன்னு காமிச்சிட்டா கேஸ் நம்ம பக்கம்."

"அவ்வளவுதானே? விடுங்க சார்."

செவ்வாய்க்கிழமை வாடகைக்கு ஒரு தண்ணீர் லாரி பிடித்து, கடைசித் தெருவின் குடங்களையெல்லாம் நிரப்பி, படம் எடுத்துப் பேரூராட்சி ஆபீஸில் கொடுத்தார். சாயந்திரமே கீதாஞ்சலியிடமிருந்து பதில் வந்தது. "லாரியில் தண்ணீர் கொடுத்திருப்பதே குழாயில் வரவில்லை என்பதற்குச் சாட்சி." லாரி வாடகைக்காகச் சுமதியின் வளையல்கள் சங்கிலிக்குத் துணையாகப் போயின.

"அடைப்புதான் காரணம்" என்று புதன்கிழமை ஜேசிபி கொண்டுவந்தார் ராசாங்கம்.

தங்கசாமி ஓடிவந்தார். "அண்ணே, பைப்புல அடைப்பெல்லாம் இல்லண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ தள்ளு. இது சட்டப் பிரச்சினை."

ஜேசிபி ஒரே இழுப்பில் பக்கத்துத் தெருக் குழாயைப் பிளந்தது. இப்போது இரண்டு தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. பக்கத்துத் தெருக் கவுன்சிலர் சாந்தா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"தோத்துட்டா என்னங்க பண்றது?" என்று கேட்டபோது சுமதியின் குரல் உடைந்திருந்தது. ராசாங்கம் ஏல நோட்டீஸை எடுத்து இன்னொரு முறை படித்தார். மீசை மட்டும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை கமிஷனர் நோட்டும் பேனாவுமாகக் கடைசித் தெருவுக்கு வந்தார். கீதாஞ்சலி ஒரு பக்கம், கவுன்சிலர்கள் ஒரு பக்கம், குடங்களோடு தெருவே ஒரு பக்கம். குழாயைத் திருகினார்கள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. சுமதி வெறுங்கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

கமிஷனர் எழுதப் பேனாவைத் திறந்தார். ராசாங்கம் முன்னால் வந்து கையை உயர்த்தினார். தேர்தலில்கூட அவர் குரல் இப்படிக் கணீரென்று ஒலித்ததில்லை.

"ஐயா, எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை! ஒரு வருஷமா இந்தத் தெருத் தண்ணிய மறிச்சு, பதினஞ்சு பேர் பணத்தையும் முடக்கின துரோகி யாருன்னு இன்னிக்கே தெரிஞ்சாகணும்! தெரியாம இங்கேருந்து நான் வெளிநடப்பு செய்ய மாட்டேன்!"

தெரு கை தட்டியது. கமிஷனரே பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் வால்வுச் சாவியோடு தங்கசாமி வந்து நின்றார்.

"அண்ணே, போன வருஷம் பேப்பர்க்காரங்க படம் எடுக்க வர்றாங்க, குடமெல்லாம் காலியா இருக்கணும், நான் சொல்றவரைக்கும் வால்வைத் தொறக்காதேன்னு சொன்னீங்களே... இப்பத் தொறந்துடட்டுமாண்ணே?"