நீதான் விட்டுட்டியே!

“உங்கப்பா இன்னும் ஆரம்பிக்கலையா?”

எங்கள் லயத்தின் கடைசி வீட்டு சூசையப்பன் மாமா இப்படிக் கேட்டபோது என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ‘இல்லை’ என்றால் சீக்கிரம் ஆரம்பித்துவிடுவார் என்று ஆகிவிடும். ‘விட்டுட்டாரு’ என்றாலோ, “அது தெரியும், திரும்ப எப்ப?” என்பார். பிளஸ் டூ வரைக்கும் படித்தும் இதற்கு விடை சொல்லித்தர ஆளில்லை.

ஆகவே, இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், குடியை விட்டவரின் நலம்விரும்பி. எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் சூரியநெல்லிப் பக்கம் விளைச்சல் கொஞ்சம் அதிகம். லயம் என்பது ஒரே கூரையில் ஒட்டிக் கட்டிய தேயிலை எஸ்டேட் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘நூறு’ என்பார்கள். அங்கே ஒருவர் குடித்தால் செய்தியே இல்லை. நிறுத்தினால் செய்தி.

என் அப்பா கருத்தப்பாண்டி குடித்துவிட்டு ரோட்டோரம் கிடந்த காலத்தில் நலம்விரும்பி ஒருவரும் அந்த வழியாக வந்ததில்லை. விட்ட மறுநாள் வந்தார்கள்.

முதல் வாரம் அப்பாவுக்குக் கை நடுக்கம், வியர்வை, தூக்கமில்லை. ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். இரண்டாவது வாரம் எதைக் கண்டாலும் எரிச்சல். கடலை மிட்டாயை வாயில் போட்டு எரிச்சலைக் கடித்தார். இதற்கு நடுவில்தான் நலம்விரும்பி வந்து உட்கார்ந்து, ரகசியம் பேசுவதுபோல் மூக்கை அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்து, வாசனை எதுவும் கிடைக்காததில் சற்றே சோர்ந்து, “ஆளு மெலிஞ்சுட்டியேப்பா” என்று பெருமூச்சு விட்டு, அம்மா தந்த டீயைக் குடித்து முடித்து, “சட்டுன்னு விட்டா நரம்பு போயிரும், பாத்துக்க” என்பார். சக்குபள்ளத்தில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் குடியை விட்ட வாரத்திலேயே செத்துப்போனாராம். எப்படி? ஜீப் கவிழ்ந்து.

அப்பா சிரித்தால், “போட்டிருக்கான்.” பேசாமல் இருந்தால், “ஏங்கிப்போய்ட்டான்.” கால் இடறினால்? சொல்லவே வேண்டாம், செய்தி டீக்கடை வரைக்கும் போய்விடும்.

இதையெல்லாம் அப்பா தாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் வந்ததுதான் பெரிய சோதனை. அதன் பெயர் நம்பிக்கை.

கேரளத்தில் ஒன்றாம் தேதி மதுக்கடை திறக்காது. அதனால் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். வாங்குவது சுலபம், வைப்பதுதான் கஷ்டம். வீட்டில் வைத்தால் மனைவி கொட்டிவிடுவார்; மனைவி பார்க்காவிட்டால் அன்றைக்கே தீர்ந்துவிடும். இந்தக் கவலையோடுதான் மாதக் கடைசியில் சூசையப்பன் மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார்.

“இந்தா கருத்தப்பாண்டி, நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்.”

“எங்கிட்டயாண்ணே?”

“நீதான் விட்டுட்டியே! ஒன்னய விடப் பத்திரமான ஆளு இந்த லயத்துல எவன் இருக்கான்?”

அவர் போனதும் அடுத்தவர். அவர் போனதும் அதற்கடுத்தவர். இதுவரை மோந்து பார்த்தவர்கள் எல்லாரும் நம்பினார்கள். குடியை விட்ட அன்று அம்மா மூலைமுடுக்கெல்லாம் தேடிக் காலி பாட்டிலைக்கூட வெளியே எறிந்த வீடு, பொழுது சாயும்போது மதுக்கடையாகிவிட்டது.

அப்பா அந்தப் பாட்டில்களின் எதிரே உட்கார்ந்தார். கடலை மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார்.

“ஏங்க, கொட்டிரட்டுமா?” என்றார் அம்மா.

“அடுத்தவன் பொருளு, குருவம்மா. கொட்டுனா கள்ளன்னுவான். வச்சிருந்தா…” அதை அப்பா முடிக்கவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணினார். நானும் அம்மாவும் மூச்சு விடுவதற்கே யோசித்தோம். பிறகு என்னைப் பார்த்து, “அந்தக் கொளுந்துச் சாக்க எடு. என் கை ஆடுது, நீ தூக்கிட்டு வா” என்றார்.

முதலில் கடைசி வீடு. கதவைத் திறந்தது மாமாவின் மனைவி.

“மதினி, அண்ணன் இத பத்திரமா வைக்கச் சொன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். ஒங்கள விடப் பத்திரமான ஆளு இந்த லயத்துல யாரு இருக்கா?”

அத்தை பாட்டிலைப் பார்த்தார். திரும்பி உள்ளே பார்த்தார்.

“சர்ச்சுக்குப் போறேன்னு சொல்லிட்டுல்லா போனீரு?”

மாமாவின் பதிலைக் கேட்க நாங்கள் நிற்கவில்லை. அடுத்த வீடு இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அப்பா அதே மரியாதையோடு அதையே சொன்னார். சாக்கு காலியானபோது அவர் சட்டை முழுக்க வியர்வை. வீட்டுக்கு வந்து டீ கேட்டார். மறுநாள் எங்கள் லயத்தில் ஒன்றாம் தேதி உண்மையிலேயே ஒன்றாம் தேதியாக இருந்தது.

அதன்பின் நலம்விரும்பிகள் எங்கள் வீட்டுப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. அப்பாவுக்கு மிட்டாய் இன்னும் வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்; அதற்குமேல் அவருக்கே தெரியாது.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் ‘அப்புறம் அவர் திரும்பக் குடித்தாரா?’ என்று இப்போது உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தெரிந்தவர் யாராவது குடியை விட்டிருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.